மணப்பெண்ணுக்கும் கேமராவுக்கும் ஒரே டிரையர்

ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை என்கிற ஊரில் எது கிழிந்தாலும் பஞ்சர் சொல்யூஷன்தான் மருந்து. எஸ்டேட்டுக்குப் போட்டுப் போகிற கம்பூட்ஸில் ஓட்டை விழுந்தாலும், மிளகு காயவைக்கிற தார்ப்பாய் கிழிந்தாலும், கோயில் தோட்டத்து ஓஸ் பைப் ஒழுகினாலும் டோமினிக்கின் பஞ்சர் கடைக்குத்தான் ஆள் போகும். அவனும் முகம் சுளிக்காமல் டியூபைப் பிதுக்கி ஒரு சொட்டு விட்டுக்கொடுப்பான். ஆகவே, ஆன்மேரியின் கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மரியசெல்வி தன் கேமராவோடு அந்தக் கடைக்குப் போய் நின்றதில் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

கேமராவின் வலது பக்கத்தில், உள்ளங்கை அழுந்துகிற இடத்தில் இருந்த ரப்பர் கிளம்பிவிட்டது. ஒன்பது வருஷம் அவள் கை பிடித்த ரப்பர். வியர்வையும் ஏற்காட்டுப் பனியும் உள்ளே இறங்கி, பசை செத்துப்போய், ஓரம் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் மெமரி கார்டு போடுகிற சின்னக் கதவு. பின்னால் இழுத்தால் திறக்கும், முன்னால் தள்ளினால் மூடும். கதவின் முதுகிலும் அதே ரப்பரில் ஒரு துண்டு, அதுவும் கிளம்பியிருந்தது.

"ரப்பர்னா ரப்பர்தானுங்க்கா. டியூப்ல புடிக்கறது இதுல புடிக்காமப் போயிருமா?" என்று டோமினிக் கேட்டான். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் தடவி, ஐந்து நிமிஷம் காயவிட்டு, அழுத்தி ஒட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

மரியசெல்விக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் லாசர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். கல்யாணமாகி வந்த புதிதில் அவளும் அதே எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கினாள். முறத்தில் கொட்டியதும் கருப்பு, உடைசல், பூச்சி கடித்தது மூன்றும் அவள் கண்ணில் தாமாக வந்து நிற்கும். அவள் முறத்தை மட்டும் மேஸ்திரி திரும்பப் பார்க்க மாட்டார். பதினேழு வருஷத்துக்கு முன்னால், ஊரைவிட்டுப் போன மேனேஜர் ஒரு சின்ன கேமராவை லாசரிடம் கொடுத்துவிட்டுப் போனார். லாசர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மரியசெல்வி எடுத்து, கூட இருந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நாலு மாசம் படித்தாள். ஒரு பட்டனை அமுக்குவது, என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதுவது, பிறகு அடுத்த பட்டன். கற்றுக்கொண்டது அப்படித்தான். பனி மூடிய காலையில் வெள்ளைச் சட்டை ஏன் சாம்பலாகத் தெரிகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு முழு டிசம்பர் ஆனது.

முதன்முதலில் அவள் எடுத்தது கோயிலில் பதினோரு பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை. அதில் ஒருத்தி ஆன்மேரி. முன்பல் விழுந்த வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றவளை, "வாயக் காட்டு சாமி, இந்தப் பல்லு இல்லாத சிரிப்பு திரும்பக் கெடைக்காது" என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். அந்தப் படம் இன்றைக்கும் ஆன்மேரி வீட்டு முன்னறையில் தொங்குகிறது. கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து ட்ரோனோடு நாலு பேரை வரவழைக்க அப்பா வீட்டுச் சொந்தம் பேசி முடித்தபோது, ஆன்மேரி ஒற்றைக்காலில் நின்றாள். "செல்வியக்கா எடுக்கலைன்னா நான் போட்டோவுக்கே நிக்க மாட்டேன்." அதில் கசந்துபோனவள் மணப்பெண்ணின் மரியா அத்தை. சேலத்து ஆளைப் பிடித்துக்கொடுத்ததே அவள்தான்.

கல்யாணத்தன்று காலை ஏழரைக்கு மரியசெல்வி பெண் வீட்டுக்குப் போனாள். பத்து மணிக்குக் கோயிலில் கல்யாணப் பூசை, ஒன்பதரைக்குப் பெண் கிளம்ப வேண்டும். உள்ளறையில் மோனிஷா, சேலத்திலிருந்து வந்திருந்த பியூட்டி பார்லர் பெண், ஆன்மேரியை உட்காரவைத்துத் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. மரியசெல்வி பையிலிருந்து கார்டை எடுத்தாள், கதவை இழுத்துத் திறந்தாள், கார்டைப் போட்டாள், கதவைத் தள்ளினாள்.

மூடவில்லை.

மறுபடியும் தள்ளினாள். முக்கால்வாசி போய் நின்றது. முந்தின நாள் கச்சிதமாக இருந்த ரப்பர் ராத்திரியோடு ராத்திரியாக ஊதிப் பெருத்திருந்தது. கதவின் மேல் இருந்த துண்டு விளிம்பைத் தாண்டி ஒரு நகக்கனம் வளர்ந்து பக்கத்து ரப்பரில் முட்டியது. கதவு சரியாக மூடாவிட்டால் கேமரா படம் எடுக்காது. பட்டனை அமுக்கினாள். திரையில் கார்டுக் கதவின் படம் மட்டும் மின்னியது.

அவளிடம் வேறு கேமரா கிடையாது, மேனேஜர் கொடுத்தது எப்போதோ கெட்டுப்போயிருந்தது. இந்த ஒரு கல்யாணம் சொதப்பினால் அடுத்த கல்யாணத்துக்கு மலையில் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

காப்பித் தம்ளர்களோடு உள்ளே வந்த மரியா அத்தை நின்று பார்த்தாள். "ஏனுங்க மரியசெல்வி, கேமராவுக்கு ஒடம்பு செரியில்லைங்ளா?"

"ஒண்ணுமில்லைங்க மரியாக்கா. கொஞ்சம் ஊதிக்கிச்சு."

"கல்யாணத்துக்கு வந்தா எல்லாரும் சாப்பிட்டுப்போட்டுத்தான் ஊதுவாங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடியே ஊதிருச்சாட்ட இருக்குது. நம்ம எல்வின் போன்ல நொம்பத் தெளிவா விழுகும், மாப்பிள்ளையவே எடுக்கச் சொல்லட்டுங்ளா?"

"அவரு படத்துல நிக்கோணுமுங்க்கா" என்றாள் மரியசெல்வி.

ஆன்மேரி கண்ணாடி வழியே பார்த்துச் சிரித்தாள். மோனிஷா சுருட்டும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அக்கா, நெயில் பாலிஷ் எடுக்கற லிக்விட் இருக்கு. அதுல தொடச்சா எந்தப் பசையும் போயிரும்."

"பசையோட கேமராவும் போயிரும் கண்ணு. அது பிளாஸ்டிக்கத் தின்னுப்போடும்."

ரப்பரை நுனிவிரலால் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தாள். இரண்டு துண்டும் கிழியாமல் கையோடு வந்தன. கேமராவின் உடம்பில் மிச்சமிருந்த சொல்யூஷனைக் கட்டைவிரலால் தேய்க்க, அது சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு உதிர்ந்தது. ஒவ்வொரு உருண்டையையும் பொறுக்கிக் காகிதத்தில் போட்டாள். ஒன்று கதவுக்குள் விழுந்தால் போச்சு. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தாள். கதவு இப்போது டக்கென்று மூடியது. கேமரா உயிர் பெற்றது.

"அவ்வளவுதானேக்கா, அப்படியே எடுங்க" என்றாள் மோனிஷா.

மரியசெல்வி பிடித்துப் பார்த்தாள். மொழுமொழுவென்றிருந்த பிளாஸ்டிக் கையில் நிற்கவில்லை. அதைவிட மோசம், உள்ளங்கை அழுத்தியதும் கதவு பின்னால் வழுக்கித் திறந்துகொண்டது. தாலி கட்டுகிற நேரத்தில் அப்படி ஆனால்? ரப்பர் திரும்ப ஏறியே ஆக வேண்டும்.

"கத்தரிச்சுப் போடுங்க, வளந்ததத்தானே வெட்டறீங்க" என்றாள் அத்தை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள் அவள்.

மரியசெல்வி ரப்பரை மூக்கருகில் கொண்டுபோனாள். பஞ்சர் கடை வாசம் அப்படியே அடித்தது. சொல்யூஷனில் இருக்கிற ஆவி உள்ளே இறங்கித்தான் இது ஊதியிருக்கிறது, அது போய்விட்டால் ரப்பர் தன் அளவுக்கு வந்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. இப்போது வெட்டினால், நாளைக்குச் சுருங்கும்போது இடைவெளி விழும். வெளியே பனி. காயவைக்க வெயில் இல்லை. மோனிஷாவின் கையில் இருந்த, முடி காயவைக்கிற டிரையரைப் பார்த்தாள்.

"கண்ணு, அந்த டிரையரக் கொஞ்சம் குடுக்கறயா?"

"ஐயோ அக்கா, பொண்ணுக்குப் பாதித் தலை ஈரமா இருக்கு."

"சூடு வேண்டாம், வெதுவெதுப்பு போதும். நீ சுருட்டற நேரம் எனக்கு, நான் தொடைக்கற நேரம் உனக்கு."

அப்படியே நடந்தது. ஐந்து நிமிஷம் ஆன்மேரியின் தலைக்கு, ஐந்து நிமிஷம் ரப்பருக்கு. ரப்பரைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பின்பக்கத்தில் மிஞ்சியிருந்த பசையைத் தேய்த்து எடுத்து, இழுபடாமல் திருப்பித் திருப்பி டிரையர் காற்றில் காட்டினாள். சூடு கூடினால் முறுக்கிக்கொள்ளும் என்று தன் மணிக்கட்டையும் கூடவே வைத்துப் பார்த்தாள். பெண்ணின் தலையில் இடது பக்கம் அலையடித்தது, வலது பக்கம் இன்னும் ஒட்டிக் கிடந்தது.

"கல்யாணப் பொண்ணு நானா அதுவா?" என்று ஆன்மேரி கேட்டாள்.

"நீ ஒரு நாளைக்குத்தான் பொண்ணு, சாமி. இது எனக்கு ஒம்பது வருஷமா."

மூன்றாவது முறை காட்டி, துண்டைக் கேமராவில் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு மயிரிழை முட்டியது. நாலாவது முறைக்கு மோனிஷா கேட்காமலேயே டிரையரை நீட்டினாள். இந்தத் தடவை துண்டு தன் பள்ளத்தில் தானாக இறங்கி உட்கார்ந்தது. கதவும் முட்டாமல் மூடியது.

"இப்ப எதுல ஒட்டுவீங்க? மறுபடியும் டோமினிக் கடைக்கா?" என்றாள் அத்தை. குரலில் இருந்த எகத்தாளம் குறைந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை வந்திருந்தது.

மோனிஷா தன் பெட்டியின் அடித்தட்டைத் திறந்தாள். சவுரிமுடி ஒட்டுகிற டபுள் சைடு டேப், வெங்காயத்தோல் மாதிரி மெல்லிசு. "எட்டு மணி நேரம் ஆடினாலும் முடி நகராதுக்கா."

மரியசெல்வி காகிதத்தில் அச்செடுத்து, டேப்பை ரப்பரின் வடிவத்துக்கே வெட்டினாள். விளிம்பில் அரை மில்லி உள்ளே தள்ளி ஒட்டினாள், பிதுங்கினால் அழுக்குப் பிடிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். மணி எட்டு ஐம்பது. கதவை முப்பது தரம் திறந்து மூடினாள். அத்தை எண்ணினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, பாதித் தலை சுருண்ட மணப்பெண்ணை முதல் படம் எடுத்தாள்.

பூசையில் எதுவும் வழுக்கவில்லை. தாலி கட்டியதும் கிடைத்தது, எல்வினின் அம்மா மூக்கை உறிஞ்சியதும் கிடைத்தது.

வெள்ளக்கடைக் கல்யாணங்களில் கோயில் படிக்கட்டில் ஊரே நின்று எடுக்கிற ஒரு படம் உண்டு. அது முடிகிறவரை பிரியாணி அண்டாவின் மூடியைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் படிக்கட்டில் பாதிப் பேர் மிஞ்ச மாட்டார்கள் என்பது அனுபவம். நூற்றுச் சொச்சம் பேர் ஏறி நின்றார்கள். கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது.

"ஒட்டுச்சுங்ளாக்கா?" என்று மூன்றாவது படியிலிருந்து டோமினிக் கத்தினான்.

"ஒட்டுச்சு, வளரவும் செஞ்சுது. உன் சொல்யூஷனப் பயிருக்கு அடி, நல்ல வெளைச்சல் வரும்!"

படிக்கட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே எடுத்தாள். அத்தை கைதட்டி, "முடிஞ்சுது, சோத்துக்கு நடங்க" என்றாள். கூட்டம் அசைந்தது.

"யாரும் நவுரக் கூடாது!" மரியசெல்வி திரையைப் பெரிதாக்கி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல் வரிசையில சித்தண்ணன் முகம் எங்க வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால போயிருச்சு. பாதி மூக்குதான் இருக்குது."

"எனக்குப் பாதி மூக்கு போதும் தாயி, பிரியாணி வாசம் அதுலயே வருது!" என்றார் சித்தன்.

"எனக்குப் பத்தாதுங்க. ஏனுங்க, நீங்க ஒரு படி எறங்குங்க." மனைவி சொன்னபடி லாசர் இறங்கினார். "மோனிஷா எங்கே? கண்ணு, அங்க பந்தல் ஓரமா நின்னா எப்படி? மரியாக்கா, அந்தப் பொண்ண உங்க பக்கத்துல நிறுத்துங்க."

அத்தை மோனிஷாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "இவளச் சேலத்துல இருந்து புடிச்சுட்டு வந்ததும் நாந்தானுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

பனி முதல் படியைத் தொட்டது. மரியசெல்வி ரப்பரில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்து, ஒன்றுக்கு மூன்றாக எடுத்தாள். மறுபடியும் திரையைப் பெரிதாக்கி, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினாள். நூற்றுச் சொச்சம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். கடைசி முகம்வரை போய்விட்டு நிமிர்ந்தாள்.

"தொறக்கச் சொல்லுங்க அண்டாவ."