அடியில் கசிந்த தண்ணீர்

நர்சரியில் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் குழாய். தண்ணீர்க் குழாய் இல்லாத கையோடு அவனை யாரும் பார்த்ததில்லை. "தூங்கும்போதும் இதைக் கட்டிப்பிடிச்சுட்டுதான் தூங்குவியாடா?" என்று நான் கிண்டல் செய்தால், "ஆமாக்கா, பொண்டாட்டி திட்டுறா" என்பான். அவனுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, எனக்குத் தொட்டிக் கலவை போடும் வேலை.

நர்சரிக்குப் பின்னால் முதலாளி கொடுத்த ஒற்றை அறையில்தான் அவன் குடும்பம். மகளுக்கு நடக்க வராது. போன தடவை தண்ணீர் அதிகமாகிச் செடிகள் அழுகியதில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: "அடியில கசிஞ்சதும் நிறுத்திடணும். இந்த ஹோட்டல் ஆர்டரும் போச்சுன்னா ரூமைக் காலி பண்ணிடு."

ஹோட்டல் கேட்ட இருநூறு தொட்டிக்கும் கலவை போட்டது நான். தேங்காய் நார்த்தூளை ஒரு நாள் ஊறவைத்துத்தான் நிரப்ப வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினார், நானும் காய்ந்த தூளையே அள்ளிக் கொட்டினேன். அவன்தான் தினமும் ஊற்றுவானே என்ற திமிர். நன்றாகக் காய்ந்த தூள் லேசில் தண்ணீரைக் குடிக்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியின் ஓரமாகவே இறங்கி அடி ஓட்டை வழியாக வெளியேறிவிடும். வேர் இருக்கிற நடுப்பகுதி வறண்டே கிடக்கும்.

அவன் ஊற்றினான். அடியில் கசிந்தது. நிறுத்தினான். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.

நாலாம் நாள், "அக்கா, எல்லாம் தலை தொங்குது. மறுபடி தண்ணி ஜாஸ்தியாயிடுச்சோ?" என்றான். நான் ஒரு தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் தொட்டி போல லேசாக இருந்தது. உள்ளே தூள் தண்ணீரே குடிக்கவில்லை. தொட்டிகளை அண்டாவில் முக்கி வைத்தால் பாதியாவது பிழைக்கும். ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமே. நாளைக்குப் பார்க்கலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பாவி நான்.

மறுநாள் காலையில் முதலாளியே வந்து ஒரு செடியைப் பிடுங்கினார். வேரிலிருந்து தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுக்குப் பேரு தண்ணி ஊத்துறதா?"

"தெனமும் ஊத்துனேங்க. அடியில கசிஞ்சுதுங்க. அக்கா பார்த்தாங்க, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சம்பளத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"நான் கலவை போட்டுட்டு இருந்தேன். கவனிக்கலீங்க" என்றேன்.

மத்தியானமே அறையைக் காலி செய்தான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சரியா ஊத்தலையோ என்னவோக்கா" என்றான்.

"ரூம் கெடைச்சா சொல்லு" என்றேன்.