பத்து காஜாவில் அரைமணி நேர வல்லரசு

1974 ஆகஸ்ட், ஞாயிறு காலை ஏழு மணி. மலேசியாவில் ஈப்போவிலிருந்து பத்து காஜா பதினைந்து மைல். பஸ் கட்டணம் எண்பது காசு. முந்தின நாள் ஈப்போவில், ஒரு நாடு தன் வட்டாரத்தில் வல்லரசாவது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தேன். மக்கள்தொகை, எஃகு, கப்பற்படை, மே மாதம் நாம் பாலைவனத்தில் வெடித்துப் பார்த்த குண்டு என்று அடுக்கினேன். அக்கம்பக்கத்து நாடுகள் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கடைசிக் குறிப்புக்கு நேரமில்லை. சென்னையில் ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்த இரண்டு வருடமாக அலைகிறவன் நான் என்பதையும் சொல்லவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் லாரி ஓட்டுநர் மாணிக்கம். பேச்சைக் கேட்டுவிட்டு, தான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு என்னை அழைத்துப் போகிறார்.

"நல்லா பேசுனீங்க லா அண்ணே. அம்மாம் பெரிய நாடு, எங்க அக்காவுக்கு ஒரு கடுதாசி வாங்கித் தருமா?" 'லா' அந்த ஊர்ப் பேச்சின் ஒட்டு.

அக்கா லெட்சுமி அதே தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் கையில் சிவப்பு அடையாளக் கார்டு, அதாவது அந்நியர். வேலை பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. பெர்மிட் போனால் மரம் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். குடியுரிமைக்கு எழுதிப்போட, இங்கேதான் பிறந்தார் என்று தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, பழைய பேரேட்டைப் பார்த்து ஒரு கடிதம் தரவேண்டும். எட்டு மாதமாக அவர் பேரேட்டைத் தேடுகிறாராம்.

"கோயில்ல மொத பரிவட்டம் எப்பவும் கிராணிக்குத்தானான்னு அக்கா சத்தமா கேட்டிருச்சு. அதான்."

ஒன்பதரை மணி. தோட்டத்து மாரியம்மன் கோயில். பூசை முடிந்து பூசாரி பரிவட்டத் துணியோடு வந்தார். கிராணி வழக்கப்படி தலையைக் குனிந்தார். பூசாரி அவரைத் தாண்டி வந்து என் வழுக்கையில் கட்டினார். குனிந்த தலை நிமிரச் சற்று நேரமாயிற்று.

இந்திய சர்க்கார் அனுப்பிய பெரிய ஆள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு பரவியிருந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறுக்க வாயெடுத்தேன். பின்னால் ஒரு பெண் குரல், லெட்சுமிதான்: "சும்மா இருங்க அண்ணே. வாயத் தொறந்தீங்க, காரியம் கெட்டுச்சு."

கிராணி வந்தார். "ஐயா தூதரகத்துலயா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அதைவிடத் தெளிவான வெளியுறவுக் கொள்கை எனக்குத் தெரியாது.

"லெட்சுமி, ஒன் கடுதாசி விசயமா? வா லா, இப்பவே போலாம்."

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்தது. எட்டு மாதமாகத் தேடப்பட்ட பேரேடு அவர் நாற்காலியின் மேல் இருந்தது. உயரம் போதாமல் அதன்மீதுதான் உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறார். தட்டச்சு, கையெழுத்து, முத்திரை எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தன.

வெளியே வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மனுஷியின் பிறப்பின்மேல் உட்கார்ந்திருந்தவனை ஒரு முழத் துணியும் ஒரு பொய்யும் எழுப்பிவிட்டன. நியாயத்தால் அது முடியவில்லை.

"அந்த ஆளை சும்மா விடக்கூடாதம்மா" என்றேன்.

லெட்சுமி கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். "கிராணி எட்டு மாசம் குந்தியிருந்தாரு. எங்கப்பன் ஒங்க ஊர்லேருந்துதான் கப்பல் ஏறுனாரு. எங்கள யாருன்னே கேக்காம அந்தப் பெரிய நாடு எந்தப் பொஸ்தகத்து மேல குந்தியிருக்கு அண்ணே?"

கோபத்தை யார்மேல் வைப்பது என்று தேடியதில், கனைத்த தொண்டைதான் கிடைத்தது.

பன்னிரண்டு மணி பஸ் வந்தது. ஏறப்போனவனை லெட்சுமி நிறுத்தினார். "அந்தத் துணியக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு மனு குடுக்கப் போகணும். அங்கயும் ஒருத்தன் குந்தியிருப்பான்ல."

அவிழ்த்துக் கொடுத்தேன். ஈப்போவரை வெறுந்தலையோடு, எண்பது காசு கொடுத்து, நின்றுகொண்டே வந்தேன்.