மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு கோல்

சாம்பிராணிப் புகையும், டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற "சொலூஷன்" வாடையும் ஒன்றாகக் கலந்தால் ஒரு மணம் வரும். அது மூக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். என் சித்தப்பா இறந்த முப்பதாம் நாள் எங்கள் வீடு முழுக்க அந்த மணம்தான். அவர் உடுத்திய நீலச் சட்டையைத் துவைக்காமல் அப்படியே மடித்து, படையல் இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம்.

பிள்ளைகளே, சித்தப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ஒரே தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவனியாபுரத்தில் விமான நிலையம் போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையைச் சாத்திவிட்டு, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் நான்கு செங்கலை நட்டு கோல் கம்பமாக்கி, அதற்கு நடுவில் நின்றுகொள்வார். ஊரே கிரிக்கெட்டுக்கும் காளைக்கும் அலைந்த காலத்தில் அவர் ஒருவர்தான் நம் நாட்டுக் கால்பந்து அணியின் ஆட்டத்தைத் தேடித் தேடிப் பார்ப்பார். அணி பெரும்பாலும் தோற்கும். தோற்கும்போது திட்டமாட்டார், நாக்கை அண்ணத்தில் ஒட்டி "ச்ச்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பார். "தோக்குறவனுகளுக்கு ஏன்டா இம்புட்டு உருகுற?" என்று அப்பா கேட்டால், "ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட ஊரே இருக்குண்ணே" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த விளையாட்டே எனக்குப் பிடிக்காது. ஒன்றரை மணி நேரம் ஓடி ஒன்றுமில்லாமல் முடிகிற ஆட்டத்தை எதற்குப் பார்ப்பது என்று நினைப்பேன்.

அந்த வருடம் ஆசிய நாடுகள் மோதுகிற ஒரு பெரிய போட்டிக்கு நம் அணி தேர்வாகியிருந்தது. சித்தப்பா மாதக்கணக்காக அதைப் பற்றியே பேசினார். மூன்று ஆட்டங்களின் தேதியும் நேரமும் அச்சான பேப்பர் துண்டை வெட்டி, சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பசையாக்கி, கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்தார். அதற்குள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பாயில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு, "டேய் மகனே, அந்த மூணாவது மேட்ச்சுக்காச்சும் என் பக்கத்துல உக்காந்து பாப்பியாடா?" என்று கேட்டார். வாசலில் கூட்டாளிகள் கிரிக்கெட் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். "தோக்குற டீமை நீங்களே பாருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பின்னால் "ச்ச்" என்று கேட்டது. சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நான் அவரிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான்.

துக்க வீட்டில் டிவி போடக் கூடாது என்பதால் முதல் இரண்டு ஆட்டங்களும் எங்கள் வீட்டில் ஓடவில்லை. இரண்டிலும் தோல்வி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். முப்பதாம் நாள் படையலுக்கு மேலூரிலிருந்து அத்தை வந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். செத்தவர்களுக்குச் செய்ய வேண்டியதில் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கள் வழக்கம் இது: இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே பல்லி சத்தம் கேட்டால், வந்தவர் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். அதன் பிறகுதான் திறக்கலாம்.

புரோட்டா, சால்னா, அவித்த முட்டை, ரோஸ்மில்க் எல்லாம் வைத்தாயிற்று. அவர் உட்காருகிற சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியையும் இலைக்கு எதிரே போட்டாயிற்று. கதவைச் சாத்தப் போன அத்தையின் கண்ணில் அந்தப் பேப்பர் துண்டு பட்டது.

"மருமகனே, இது என்னப்பா எழுதியிருக்கு?"

வாசித்தேன். மூன்றாவது ஆட்டம் அன்றைக்குத்தான், இன்னும் கால் மணி நேரத்தில். அத்தை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "புடிச்சதை வைக்கணும்ல? டிவியைப் போட்டு விடு. பாத்துக்கிட்டே சாப்புடட்டும்."

அப்பா டிவியைப் போட்டார், அத்தை கதவைச் சாத்தினார். எங்கள் வீடு ஒரே அறை, மூலையில் சமையல் தடுப்பு. எனவே நாங்கள் நான்கு பேரும் தெருவில். வடித்த சோறு உள்ளேயே இருக்கிறது என்று அம்மா முணுமுணுத்தார். ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம் என்று நினைத்த அப்பா, "எம்புட்டு நேரம்க்கா?" என்று கேட்டார்.

"ஆட்டம் முடியட்டும். பாதியில போயி நிப்பாட்டுவியாக்கும்? மனசு நெறஞ்சு போகணும்டா. கொறையோட எந்திரிச்சான்னு வையி, உள்ளயும் வராம வெளியயும் போகாம வாசல்லயே நிப்பான்."

அந்தப் பேச்சு எனக்குள் கல்லாக இறங்கியது. குறை வைத்தவன் நான் அல்லவா? நான் உட்கார்ந்திருந்ததே வாசலில்தான். மெதுவாக நகர்ந்து, கதவுப் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் நான்கடி தூரத்தில் அந்த நாற்காலி. கூட்டத்தின் இரைச்சலும், இங்கிலீஷில் யாரோ வேகமாகப் பேசுவதும் கேட்டன. அதில் எனக்குப் புரிந்தது "இந்தியா" என்ற சொல்லும் எண்களும்தான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இரைச்சல் பெரிதானது. "ஒன்னுக்கு சைபர்" என்றேன்.

"யாருக்குடா ஒன்னு?" என்றார் அப்பா.

"அவங்களுக்கு."

இன்னும் சற்று நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது. அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னப்பா இது, சாப்புட வந்தவனை உக்கார வச்சு அழுக விடுறோமே? நம்ம நீலச் சட்டைப் பயலுகளுக்குக் காலு இல்லையா?" நடுவில் இடைவேளை வந்து சோப்பு விளம்பரம் ஓடியது. "இதைப் பாக்கவா அம்புட்டு தூரத்துல இருந்து வந்தான்!" என்று அதற்கும் வைதார். அம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விளம்பரம் ஓடுகையில் உள்ளே சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால் லேசாக இழுபட்ட மாதிரி "கர்ர்" என்று ஒரு சத்தம்.

"எலியா இருக்கும்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே.

"எந்த ஊரு எலிடா சேரை இழுக்கும்?" என்றார் அத்தை.

இரண்டாவது பாதி ஆரம்பித்தது. கருக்கல் இறங்கத் தொடங்கி, தெருவின் கடைசி வீடுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. எனக்குப் பெயர் தெரியாத பதினொரு பேர், எங்கோ கடல் தாண்டி ஒரு மைதானத்தில், என் சித்தப்பாவை வாசலில் நிற்க விடாமல் காப்பாற்றுவதற்காக ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஜெயிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று போடுங்கள் அண்ணே, ஒன்று போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை அழகர்கோவில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா, அந்த விளையாட்டை ஒருநாளும் மதிக்காத அப்பா, எழுந்து நின்று, பந்து தன் காலுக்கு வருவதுபோல இடதும் வலதுமாகக் கால் மாற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட்டு போனது.

பக்கத்து வீட்டு கிரைண்டர் நின்றது. தெரு விளக்கு அணைந்தது. உள்ளே பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. அந்த மாதிரி ஒரு அமைதியை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. கதவிடுக்கு வழியாகச் சாம்பிராணிப் புகை நூல்போல வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்து, என் முதுகுக்கு நேர் பின்னால், "ச்ச்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு "ச்ச்".

"பல்லி சொல்லிருச்சு" என்று அத்தை எழுந்தார். "தொறந்துரலாம்."

அப்பா குறுக்கே கையை நீட்டினார். "வேணாம்க்கா. மேட்ச்சு முடியல. கரண்ட்டு வரட்டும்."

நான் கதவுப் பக்கம் திரும்பி, பலகையில் வாயை வைத்து, யாருக்கும் கேட்காமல், "சித்தப்பா, நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில், உட்கார்ந்திருந்த ஆள் சட்டென்று எழுந்தால் பிளாஸ்டிக் நாற்காலி நிமிருமே, அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் மனப்பிரமை என்று விட்டிருப்பேன். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம்.

பத்து நிமிடத்தில் கரண்ட்டு வந்தது. டிவி தானாக உயிர் பெற்று இரைந்தது. நான் காதைக் கதவில் ஒட்டி எண்களைத் தேடினேன். "டூ ஒன்" என்றது அந்தக் குரல்.

"நம்ம ஆளுங்க போட்டுட்டாங்கப்பா! ஒன்னு போட்டுட்டாங்க!"

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அப்பா அசையாமல் நின்றார். "டிவி அணைஞ்சுல்ல கெடந்துச்சு," என்றார் மெதுவாக. "அவன் எதைப் பாத்துக்கா எந்திரிச்சான்?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு எதுக்குடா இனிமே டிவி?"

ஆட்டம் அதே கணக்கில், நம் தோல்வியில்தான் முடிந்தது. கதவைத் திறந்தபோது புரோட்டா வைத்தபடியே இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலி மட்டும் இலையை விட்டு டிவி பக்கமாக ஒரு சாண் திரும்பியிருந்தது. அப்பாதான் அப்படிப் போட்டாரா, தெரியாது. கேட்டபோது ஞாபகம் இல்லை என்றார். வெயில் இறங்கினால் பிளாஸ்டிக் சத்தம் போடும், பல்லியின் சத்தமும் மனிதர் நாக்குச் சத்தமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பேய் உண்டு என்று பயமுறுத்த இதை எழுதவில்லை, பிள்ளைகளே. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நம் அணி ஆடிய எந்த ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. அதிகமும் தோல்விகள்தான். ஒரு கோலுக்காக எத்தனை பேர் எங்கெங்கே கதவோரம் காத்திருக்கிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன், திட்ட மனம் வராது.

இப்போது அந்த ஒற்றை அறை வீடு இல்லை. இடித்து மாடி எடுத்துவிட்டார்கள். பஞ்சர் கடை இருந்த இடத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. கண்மாயில் பாதி பிளாட்டுகளாகிவிட்டது. அத்தையும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டதால் கரண்ட்டு போனாலும் எதுவும் நிற்பதில்லை. அந்த அமைதி எங்கேயும் கிடையாது. சித்தப்பாவின் முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கே மறந்துவிட்டது.

சென்ற வாரம் இதையெல்லாம் என் மூத்த மகளிடம் சொன்னேன். அவள் உடனே போனைக் கையில் எடுத்தாள். "அந்தக் கோலு இதுலயே கெடக்கும்ப்பா. யாரு போட்டாங்க, எப்படிப் போட்டாங்கன்னு ரெண்டே நிமிசத்துல காட்டவா?"

இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தேடியதில்லை. போனைக் கீழே வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அந்தப் பத்து நிமிடம் எங்கள் தெருவில் யாரும் எதையும் பார்க்கவில்லை, ஒருவரைத் தவிர; அது அவர் பார்த்ததாகவே இருக்கட்டும் என்றேன்.