கண்மாயில் வெட்டிய தடம்

ஏழாம் வகுப்பில், அல்லிநகரம் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் அந்தப் படத்தைப் பார்த்தேன். விமானம் ஒன்று தண்ணீரில் இறங்குகிறது. சக்கரத்துக்குப் பதில் இரண்டு ஓடங்கள். பின்னால் இரண்டு நீர்க்கோடுகள். சட்டென்று எங்கள் ஊர்க் கண்மாய் ஞாபகம் வந்தது.

கார்த்திகைதோறும் அங்கே ஆகாயத்தாமரையை அறுத்து, கரைக்குக் கரை நேராக ஒரு தடம் விடுவார்கள். சாமி இறங்குகிற தடம் என்று பேச்சு. அறுப்பது என் தாய்மாமா. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வேலை அது. மாமாவுக்கோ இளைப்பு. இந்த வருடமும் குளிர்ந்த தண்ணீரில் நின்றால் ஆள் தேற மாட்டார் என்று அத்தை அழுதுகொண்டிருந்தாள்.

அந்தத் தடத்தில் முதலில் இறங்கியது என்ன என்று நான் வீடு வீடாகக் கேட்டு அலைந்தேன். ஒருவர் ரெக்கை என்றார், ஒருவர் சத்தம் என்றார். கூட்டிப் பார்த்தால் விஷயம் இதுதான்: வெள்ளைக்காரர் ஒருவர், தானே செய்த விமானத்தைக் கண்மாயில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வருவேன், தடத்தைச் சுத்தமாக வைத்திரு என்று மாமாவின் தாத்தாவிடம் சொல்லிவிட்டுப் பறந்தவர், வரவேயில்லை.

அத்தைக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "ஆராய்ச்சிக்காரி சொல்றதக் கேளுங்க. சாமியுமில்ல, பூதமுமில்ல. பேசாம வீட்டுல கெடங்க" என்றாள்.

நான் கொண்டுபோன புத்தகத்தை வாங்கி, மாமா படத்தில் அந்த நீர்க்கோடுகளை விரலால் தடவினார்.

"அப்ப அவுக இன்னும் கரையேறலையா, ஆத்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவுக பேரு என்ன?" என்றார். தெரியவில்லை என்றேன். பேர் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை.

விடிந்ததும் அரிவாளோடு இறங்கிவிட்டார். வழக்கத்தைவிட அகலமாக அறுத்தார். அத்தை எனக்கு முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் கரையில் நின்றோம். காற்றேயில்லை. நாரைகள் மொத்தமாக எழுந்தன. எதிர்க்கரையிலிருந்து தடத்தின் நடுவே, சத்தமில்லாமல், தண்ணீர் இரண்டு கோடாகப் பிரிந்துகொண்டு வந்தது. எங்கள் காலடியில் மோதி அடங்கியது.

மாமா மூச்சிரைக்கச் சொன்னார்: "வருசாவருசம் வர்றதுதான். சாமின்னு கும்பிட்டுட்டே நின்னுட்டேன். ஒரு தடவகூட பேரச் சொல்லி மேல வாங்கன்னு கூப்பிடல."

அத்தோடு படுத்தவர் பிழைத்தார். ஆனால் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. தடம் மூடிக்கொண்டது. போன கார்த்திகையில் போய் நின்றேன். நாரைகள் எழுந்தன. ஆகாயத்தாமரை இரண்டு வரிசையாக அசைந்து வந்து, பாதியில் நின்றுவிட்டது.

பழைய பத்திரிகைகளில் அந்த வெள்ளைக்காரர் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இந்தக் கார்த்திகைக்கு அரிவாளோடு நான் இறங்குவேன்.