குழாயின் வாய்

மானாம்பதியில் கல்யாணமென்றால் ரேடியோ செட் கட்ட இருசப்பன்தான் வரவேண்டும். செட் உத்திரமேரூர்க் கடைக்காரருடையது. மரமேறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதும் ரிகார்டு மாற்றுவதும் இவன் வேலை. எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அவனிடமே விட்டுவிடுவார்கள். காய்ச்சல்காரர் இருக்கும் வீடு, பிள்ளை பெற்ற வீடு என்று விசாரித்துக்கொண்டு, குழாயின் வாயை வயல் பக்கம் திருப்பிக் கட்டுவான்.

அவன் வீடு ஏரிக்கரைக்கு அப்பால், சேரியில். ஊரில் பாட்டு ஓடுகிறவரை அவன் மனைவி செல்லாயி அடுப்பு மூட்டமாட்டாள். நின்றதும் உலை வைப்பாள். அவன் குழாய்களை இறக்கிக் கட்டி, வீடு வந்து சேரும்போது சோறு வடித்திருக்கும்.

"ஊருக்கெல்லாம் பாட்டு போடற. வூட்டாண்ட வந்தா வாயத் தொறக்கறியா?" என்று சோறு போட்டபடியே இடிப்பாள். அவன் சிரித்துக்கொண்டு சாப்பிடுவான்.

அந்த வைகாசியில் செல்லாயி விஷக் காய்ச்சலில் படுத்தாள். எழுந்து நடமாடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தாமோதரன் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்ததால், பக்கத்து வீட்டு முனியம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருசப்பன் போனான்.

பந்தி நடக்கும்போது அவனுக்கு மனசு கேட்கவில்லை. பாத்திரம் உருண்டாலே தலையைப் பிடித்துக்கொள்கிறவள், இந்தச் சத்தத்தில் எப்படிக் கண் மூடுவாள்? மரமேறி, ஏரிப் பக்கம் பார்த்த குழாயை வயலுக்குத் திருப்பினான். காற்றும் அந்தப் பக்கமே அடித்தது. சேரியில் பாட்டு அடியோடு கேட்காமல் போயிற்று. இனித் தூங்குவாள் என்று நிம்மதியாக அடுத்த ரிகார்டைப் போட்டான். அவளுக்குச் சொல்லி அனுப்பத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் முனியம்மாள் பந்தலுக்கு வெளியே நின்று கையை ஆட்டினாள். கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. ஊசியைத் தூக்கிவிட்டு ஓடினான்.

"பாட்டு நின்னுச்சி, அவரு வந்துகினு இருப்பாரு, உல வைக்கணும்னு எழுந்துச்சிப்பா. படும்மான்னு சொல்லிட்டுத் தண்ணிக்குப் போனேன். வந்து பாக்கறேன், அடுப்பாண்ட வியுந்து கெடக்குது."

அவன் போய்ச் சேர்ந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. செல்லாயிக்கு மூச்சில்லை.

தாமோதரன் வீட்டில் அன்று அதற்குமேல் பாட்டு இல்லை.

பிறகும் அவன் நோயாளி வீட்டுக்காகக் குழாயைத் திருப்பத்தான் செய்தான். ஆனால் மரமேறுமுன் அந்த வீட்டு வாசலில் போய் நின்று சொல்வான்: "சத்தம் கேக்கலன்னா வேல முடிஞ்சிச்சின்னு நெனச்சிக்காதீங்க. இன்னும் ஓடிக்கினுதான் கீது."

இதை எதற்கு நம்மிடம் வந்து சொல்கிறான் என்று விளங்காமல் அவர்கள் தலையாட்டுவார்கள். அவன் குழாயைத் திருப்பி, பாட்டை முடித்து, எல்லாவற்றையும் இறக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடப்பான். அவன் போய்த்தான் அடுப்பு மூட்டவேண்டும்.