மேல்வரிசைப் பல்லும் ஒரு இரங்கல் உரையும்

ஓய்வுபெற்ற பிறகு என் கணவருக்குக் கிடைத்த முழுநேர வேலை, இறந்தவர்களைப் பற்றிப் பேசுவது. புதுக்கடை நீதிமன்றங்களில் வாதாடியே வயது போன மனிதர். அங்கே நீதவான் இடையில் நிறுத்தச் சொல்லுவார். பொரளையில் பிரேதம் வைக்கும் மலர்ச்சாலைகளில் அந்தத் தொந்தரவு இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெரிந்தவர் யார் கண்ணை மூடினாலும் எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரும். இவர் வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு புறப்படுவார். பெட்டிக்குள் இருப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் மணிக்கூட்டைப் பார்க்கும்வரை பேசிவிட்டு வருவார்.

பல் விஷயத்தில் அவருடைய கொள்கை எளிமையானது. வலித்தால் கராம்பு, வலிக்காவிட்டால் வாயில் பல் இருப்பதையே மறந்துவிடுவது. துலக்கும்போது இரத்தம் வந்தால் பிரஷ் சரியில்லை என்பார். மேல்வரிசை ஆடத் தொடங்கியபோது முதலில் அப்பிளை ஒதுக்கினார், பிறகு முறுக்கை, பிறகு பாணின் கரையை. வயது போனால் பல்லும் போகத்தானே வேண்டும் என்று தீர்ப்பையும் அவரே வழங்கினார். லண்டனில் இருக்கும் மகள் வீடியோவில் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவாள். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் சிக்னல் போய்விடும்.

ஒரு நாள் காலை, பாணோடு சேர்ந்து முன்பல் ஒன்றும் கையில் வந்தது. அன்றைக்கே ஓட்டோ பிடித்து, காலி வீதியில் ஒரு பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மகளைவிட இளைய பெண். பார்த்துவிட்டு, பல்லை வயது கொண்டுபோவதில்லை அங்கிள், பல்லைப் பிடித்து வைத்திருக்கும் முரசில் வந்த நோய்தான் கொண்டுபோகிறது, பிரஷருக்கு எடுக்கும் குளிசை வாயைக் காய வைப்பதும் அதற்கு உதவியிருக்கும், முந்தியே வந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று விளக்கினாள். இவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, அவள் எந்தப் பாடசாலையில் படித்தவள் என்று விசாரித்தார்.

மேலே மிஞ்சியிருந்த பற்களைப் பிடுங்கினார்கள். முரசு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடியெடுத்து வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு திரிந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தார். செத்த வீடுகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். அவருடைய உரை இல்லாமலும் எல்லோரும் ஒழுங்காகத் தகனமானார்கள். வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பல்செட்டுக்கு நிறம் தெரிவுசெய்யும் நாளில் இவர் இருந்ததிலேயே ஆக வெள்ளையானதைக் காட்டினார். கொஞ்சம் மஞ்சள் கலந்ததுதான் இயல்பாக இருக்கும் என்று வைத்தியர் சொல்லிப் பார்த்தாள். தோற்றாள். செட் வந்தபோது மேலே புத்தம்புதுப் பளிங்கு. கீழே தேத்தண்ணிக் கறை படிந்த அவருடைய சொந்தப் பற்கள், வாடகை கட்டாமல் குடியிருப்பவர்கள்போல் ஒடுங்கி நின்றன.

கொஞ்ச நாளைக்கு மெதுவான சாப்பாடு, தினமும் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துப் பழக வேண்டும், இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட வேண்டும், நொந்தால் உடனே வர வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பினாள்.

"எனக்குக் கதைக்கச் சொல்லித் தாறாவோ?" என்று ஓட்டோவில் ஏறியதும் கேட்டார். அதில் 'ச' வந்த இடத்தில் மட்டும் விசில் அடித்தது.

வாசிக்கவும் இல்லை, கழற்றவும் இல்லை. பல்லில்லாத முகத்தோடு மனைவிக்குப் பக்கத்தில் படுப்பதாம், நல்ல கதை. அந்த முகத்துக்குப் பயந்து நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தாரோ தெரியாது.

அப்போதுதான் அவருடைய மிக நெருங்கிய நண்பர் காலமானார். புதுக்கடையில் ஒரே அறையில் வேலை செய்து, ஒரே கடையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். உரை இவருடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கு இருந்தது.

மலர்ச்சாலையில் கம்பீரமாகத்தான் எழுந்து நின்றார். நண்பரைச் சட்டத்துறையின் சளைக்காத சிங்கம் என்று சொல்லப்போன இடத்தில் மேல்செட் கழன்று கீழே இறங்கியது. முன்வரிசையில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. இவர் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். செட்டை நாக்கால் மேலே தள்ளப் படுகிற பாட்டில் தோள்கள் குலுங்கின. நண்பரின் மனைவி விம்மி அழுதார். அவரைப் பார்த்துப் பின்வரிசைகளும் அழுதன. யாரோ இரண்டு பேர் வந்து இவரைக் கைத்தாங்கலாகக் கதிரைக்குக் கூட்டிப்போனார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். இப்படி ஒரு உரையைக் கேட்டதே இல்லையாம். ஒரு சிங்கத்தைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்காத உரை. இவர் வாயைத் திறக்காமல், மகான்களைப்போல் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவோம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இவர் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"இஞ்சேரும், உண்மையா அழ வேணுமெண்டுதான் போனனான்," என்றார். "அவனுக்காக. கடைசியிலை பல்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

யோசித்து வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டேன். ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். இவர் செட்டைக் கழற்றி அதற்குள் போட்டார். மேலுதடு உள்ளே போய், வேறு யாரோ போல இருந்தார். அழவும் செய்தார், அந்த முகத்தோடு. நான் ஓடவில்லை.

அடுத்த நாள் வைத்தியர் பார்த்தபோது அண்ணம் சிவந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு பக்கம் செட் உரசிப் புண். இரவில் கழற்றினீர்களா என்று கேட்டாள். இவர் ஒரு எதிர்வாதமும் இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவள் உரசுகிற இடத்தை அராவி, மேலே பிடிக்கும்படி திருத்தி, பூச மருந்தும் தந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்களும் ஒருக்கா இருங்கோ."

எனக்கு ஒன்றுமில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை. கதிரை பின்னால் சாய்ந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது. இடப்பக்கக் கடைவாயால் நான் கன நாளாகச் சப்புவதில்லை என்றும், ஐஸ்கிரீம் கண்டால் முகத்தைச் சுளிப்பேன் என்றும், வைத்தியர்களைக் கண்டால் எனக்குப் பயம் என்றும் பக்கத்தில் நின்று இவர் விளக்கத் தொடங்கினார். குரல் நன்றாகத் தெளிந்திருந்தது. என் வாய்க்குள் கண்ணாடியும் அவளுடைய விரலும் இருந்தன.