பதினோராவது கட்டம்

எங்கள் அலுவலகத்தில் அந்த அம்மாவுக்கு 'அரக்கு மேடம்' என்று பெயர். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கள ஆய்வாளர். தொழிற்சாலைகள் வெளியே விடும் கழிவு நீரைப் பாட்டிலில் பிடித்து, மூடியின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, பித்தளை முத்திரையை அழுத்தி, ஆய்வுக்கூடத்தில் கொண்டு போய்ச் சேர்ப்பது அவர் வேலை. ஒன்பது வருடம் அவருக்கு ஜீப் ஓட்டியவன் நான். என் தலை நரைத்ததில் பாதிக்கு அவர்தான் காரணம் என்று என் மனைவியிடம் பலமுறை புலம்பியிருக்கிறேன். மீதிப் பாதிக்கு யார் காரணம் என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

மத்திய அரசு போட்ட தண்ணீர்ச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதிய புண்ணியவான் ஒருநாளாவது கழிவு வாய்க்கால் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றில் அணையும் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அரக்கு உருக்கியிருப்பாரா என்பது சந்தேகம். தொழிற்சாலை ஆள் முன்னால் தண்ணீர் எடுக்க வேண்டும். அதை இரண்டு பாட்டிலாகப் பிரிக்க வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. இரண்டிலும் இருவர் கையெழுத்து. பிறகு ஐஸ் பெட்டி. எடுத்த ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம். கூடவே பதினொரு கட்டம் உள்ள ஒரு படிவம். இதில் ஒன்று பிசகினாலும் வழக்கு மண்ணைக் கவ்வும்.

கவ்வியும் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சாயத் தொழிற்சாலை. அதன் கழிவு போய்ச் சேரும் கால்வாய் அரக்கு மேடத்தின் வீட்டுப் பின்புறமாகத்தான் போகிறது. அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலை எட்டு வருடங்களுக்கு முன்பு ஆணி அடித்து மூடினார்கள். தையல்காரரான அவர் கணவர் நாற்றம் தாங்காமல் கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டார். அந்தத் தொழிற்சாலையை மூன்று முறை பிடிக்கப் பார்த்தும் மூன்று முறையும் தோற்றோம். முதல் முறை முத்திரையில் ஓர் எழுத்து சரியாகப் பதியவில்லையாம். இரண்டாம் முறை அவர்கள் பங்குப் பாட்டிலை வாங்க மறுத்ததை நாங்கள் எழுதி வைக்கவில்லையாம்.

மூன்றாம் முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வாசலிலேயே காவலாளி மறித்தான்.

"பாதுகாப்பு வீடியோ பாக்காம யாரும் உள்ள போகக்கூடாதுங்க. அதுவும் சட்டம்தான்."

அதுவும் மத்திய அரசின் சட்டம்தான், தொழிலாளர் பாதுகாப்புக்குப் போட்டது. ஒரு சட்டம் எந்த நேரமும் உள்ளே போகலாம் என்கிறது, இன்னொன்று வீடியோ பார்த்துவிட்டுப் போ என்கிறது. இருபத்திரண்டு நிமிடம் ஓடிய அந்த வீடியோவில், தலைக்கவசம் போட்ட ஒருவன் ஏணியில் ஏறுவது எப்படி என்று எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். முடித்துவிட்டு வாய்க்காலுக்குப் போனால், தண்ணீர் கண்ணாடியாக ஓடுகிறது. அதற்குள் கழிவுக் குழாயை மூடி, நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் அவர்களைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மேடம் திட்டவில்லை. ராத்திரியெல்லாம் அந்தப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்திருக்கிறார்.

மறுநாளே என்னை மறுபடி அங்கே ஓட்டச் சொன்னார். வாசலில் இறங்கி, "வீடியோ பாத்தவங்களுக்கு அட்டை குடுக்கணும். ஒரு வருஷம் செல்லும்னு போட்டிருக்கு. என் அட்டையக் குடுங்க" என்றார். மேலாளர் வந்தார், மழுப்பினார். இவர் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து அட்டை வந்தது.

நாலாவது முறைதான் கடைசி வாய்ப்பு. இந்த முறையும் ஒன்றும் நிரூபிக்கவில்லை என்றால் தொழிற்சாலையின் அனுமதியை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிடுவதாகத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஐந்து வருடம் அந்த ஜன்னலில் ஆணி.

அன்று காலை வாசலில் மேடம் அட்டையை நீட்டியதும் காவலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வழி விட்டுவிட்டான். எனக்கென்று ஓர் அட்டை கேட்டு வாங்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அதனால் நான் தனியாக உட்கார்ந்து அந்த ஏணிக்காரனை இரண்டாம் முறை முழுதாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஓடினால், மேலாளர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். மேடம் கையில் இருந்த பாட்டிலில் மை போலக் கருநீலத் தண்ணீர். எடுத்த நேரம் பத்து நாற்பது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று மேலாளர் பன்னிரண்டே கால் வரை அடம்பிடித்தார். கடைசியில் போட்டார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஜீப்பை விரட்டினேன். ஒன்றரை மணிக்கு, சோதனைச் சாவடியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். மீசை கூட சரியாக முளைக்காத பிள்ளை.

"புகைச் சான்றிதழ் காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜீப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே 'தூய காற்று நம் உரிமை' என்று எங்கள் அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது. புகைக்குழாய்க்கு மேலே இருந்ததால் 'உரிமை' மட்டும் கரியில் மறைந்திருந்தது.

"இது முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சுங்களே."

அந்தச் சான்றிதழ் தரும் புகைச் சோதனை அறை எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில்தான் இருக்கிறது. நான் தினமும் ஜீப்பை நிறுத்தும் இடத்திலிருந்து இருபது அடி. இங்கேதானே இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏழு மாதம் ஓட்டிவிட்டேன். ஊரார் வண்டிக்கெல்லாம் சான்று கொடுக்கும் கட்டடத்து வண்டிக்குச் சான்று இல்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"தம்பி, நாங்களே மாசுக் கட்டுப்பாடுதான்!"

"அதனாலதாங்க கேக்குறேன். வண்டிய ஓரம் கட்டுங்க."

நான் மேடத்திடம் ஓடினேன். "பெரிய அதிகாரி யாருக்காவது ஒரு போன் போடுங்க மேடம். விட்டுருவான்."

"நான் இன்னைக்குப் போன் போட்டா, நாளைக்கு அந்த மேலாளரும் போடுவார்ண்ணே" என்றார். பிறகு அந்தக் காவலரிடம் போய், "வண்டிய எத்தன மணிக்கு, எதுக்காகப் பிடிச்சீங்கன்னு தெளிவா எழுதி ரசீது குடுங்க தம்பி" என்று நின்றார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா ரசீது கேட்கிறார்!

பேருந்து கிடைத்தபோது மணி இரண்டு ஐந்து. மடியில் ஐஸ் பெட்டி, அதைச் சுற்றி இரண்டு கை. நடத்துநர் மூக்கைச் சுளித்தார்.

"பெட்டியில என்ன, மீனா? மீனெல்லாம் ஏத்தக் கூடாதும்மா."

"மீன் இல்லங்க. மீன் செத்ததுக்குக் காரணம்" என்றார் மேடம். நடத்துநர் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

குலுங்கும் பேருந்தில் அவர் படிவத்தை எடுத்தார். பதினோராவது கட்டம்: 'வாகனம் மாற்றப்பட்டிருந்தால் நேரமும் காரணமும்.' நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"வண்டி பழுதுன்னு எழுதிருங்க மேடம். யாருக்குத் தெரியப் போகுது? எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"பழுது இல்லையேண்ணே."

"ஒன்பது வருஷமா உங்களுக்காக வெயில்லயும் சேத்துலயும் நின்னவன் நான்."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேனா நிற்கவில்லை. 'மணி 1.30. புகைச் சான்று காலாவதி. வண்டி பிடித்து வைக்கப்பட்டது. ஓட்டுநரின் கவனக்குறைவு.' கீழே பேருந்தின் எண்ணையும் எழுதினார்.

நாலு இருபத்திரண்டுக்கு ஆய்வுக்கூடத்தில் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு நிமிடம் மிச்சம். ஆனால் நான் அவரிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். ஒரு வார்த்தை மாற்றி எழுதினால் இந்த அம்மாவின் குடியா முழுகிவிடும்? என் வீட்டில் போய்க் கரடியாய்க் கத்தினேன். "ஏழு மாசம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் மனைவி. அவளிடமும் பேச்சை நிறுத்தினேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொழிற்சாலை வக்கீல் கெட்டிக்காரர். சோதனைச் சாவடிப் பதிவின் நகலையே வாங்கி வந்திருந்தார்.

"இந்தப் பாட்டில் முப்பத்தைந்து நிமிடம் நடுரோட்டில் நின்றிருக்கிறது. அலுவலக ஜீப்பில் போகவில்லை. அங்கே நடந்ததை இவர்கள் மறைத்திருந்தால் இந்தப் பாட்டில் சாட்சியமாகச் செல்லாது" என்றார். நீதிபதி படிவத்தை வாங்கினார், பதிவின் நகலை வாங்கினார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். நேரம் ஒன்று. காரணம் ஒன்று.

"ஓட்டுநர் யார்?"

எழுந்தேன்.

"ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறதே. உண்மையா?"

'பழுது' என்று எழுதியிருந்தால் இந்த நிமிடம் எப்படிப் போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதச் சொன்னவன் நான். பெஞ்சில் மேடம் என்னைப் பார்க்காமல் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மைதாங்க ஐயா. என் தப்புதான். ஏழு மாசம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் உட்கார்ந்தார். சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிக்கும்வரை ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே வரக்கூடாது என்று தீர்ப்பானது.

அலுவலகம் சும்மா இருக்குமா? முன் அனுமதியில்லாமல் ஆய்வுக்கு எடுத்த பாட்டிலைப் பேருந்தில் கொண்டுபோனதற்கு மேடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். வழக்கை ஜெயித்ததற்கு ஒன்றுமில்லை. என்னை ஜீப்பிலிருந்து இறக்கி, கீழ்த் தளத்துப் புகைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். இந்தத் தண்டனையை யோசித்தவருக்கு நகைச்சுவை அதிகம்.

போன வாரம் மேடம் தன் பழைய ஸ்கூட்டரோடு வந்து வரிசையில் நின்றார். ஜன்னல் திறந்தாயிற்றா என்று கேட்டேன். ஆணி பிடுங்கியாயிற்றாம், கணவர் நம்பிக்கையில்லாமல் ஆணியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாராம். ஸ்கூட்டரின் குழாயில் கருவியைச் செருகினேன். முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை. நானும் அவரும் முள்ளைப் பார்த்தோம்.

"என்னண்ணே யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

'தகுதியில்லை' என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துக்கு அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.